அழுவது சபூருக்கு விரோதமா?

 

துக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "ஆண்பிள்ளை அழலாமா? சபூர் செய்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வாயை மூடிக்கொள்வதுதான் சபூரா என்பதைச் சற்றே சிந்திப்போமாக.

அருமை மைந்தர் யூசுபைப் பிரிந்த துயரத்தால் ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று திருமறையின் 12-வது அத்தியாயம் கூறுகிறது. அழகிய பொறுமையைப் பற்றி அந்த நபி சொன்னதும் அதே அத்தியாயத்தில்தான் உள்ளது. ஆகவே கண்ணீர் சபூருக்குப் பகையல்ல.

நமது கெடா தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1942, 43-ம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதை போட, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோயினர். பசியாலும் காலராவாலும் மாண்டவர் ஏராளம். அவர்கள் வீட்டாரில் எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தியும் இல்லை. போய் நிற்க ஒரு குழிமேடும் இல்லை. திரும்பி வந்தவர்களிலும் பலர், கண்டதைப் பெண்டு பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்லாத துக்கம் தீர்ந்துவிடாது. தூக்கத்தில் அலறலாகவும், காரணமில்லாத கோபமாகவும் வெளிவரும். பேரேட்டில் எழுதாததால் கடன் அடைந்துவிடுமா? வியாபாரிகளாகிய நாம் அறியாததா!

ஹிஜ்ரி 8-ல் மூத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அன்னாரின் பிள்ளைகளை அருகழைத்துக் கண்ணீர் வடித்தார்கள். அவ்வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி மற்றவர்களை ஏவினார்கள். உபதேசத்திற்கு முன் சோறு!

2004 டிசம்பர் 26-ல் கோலா மூடாக் கரையில் சுனாமி. 2022 ஜூலை 4-ல் பாலிங்கில் வெள்ளம். இத்தகைய அதிர்ச்சியைச் சுமந்தவர்கள் நம் கடைக்கும் வருவார்கள். ஒரு முக்காலி போட்டு, தேநீர் கொடுத்து, அவர்கள் பேசினால் காது கொடுப்போம். பேசாவிட்டால் நெருக்க வேண்டாம். ஊரில் தாய் மௌத்தான செய்தி கேட்ட நம் கடைச் சிப்பந்தியை மறுநாளே கல்லாவில் நிறுத்தாதிருப்போம்.

மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியம் உண்டு. நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நபிகளாரின் போதனை. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

உள்ளம் உடைந்தோருக்கு வல்ல அல்லாஹ் ஆறுதலையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.