அட்வான்ஸ் உங்கள் பணமல்ல

வாடகைக்கு விடலாம் என்று பழைய ஃபிளாட் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? டோக்கன் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். வரவு செலவை நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். அதில் ஒரு வரியை அடித்துவிடுங்கள்: 'குடிவருபவர் தரும் அட்வான்ஸ்.' என் நோட்டிலும் அந்த வரி இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

சென்னையில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம். ஆக, 10 லட்சம் கையில் இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்திரச் செலவு இன்னொரு நாலரை லட்சம். அதை வங்கி கணக்கில் சேர்க்காது. 40 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் இ.எம்.ஐ. 34,700 ரூபாய்க்குக் குறையாது. அந்த வீட்டுக்கு வாடகை 15,000 வந்தாலே பெரிது. "வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும் சார்" என்று புரோக்கர் சொல்வார். மீதி இருபதாயிரத்தை மாதாமாதம் கட்டப்போவது அவர் இல்லையே!

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் எல்லாரும் அட்வான்ஸில் கை வைக்கிறோம். பத்து மாத வாடகை, ஒன்றரை லட்சம். நான் வைத்தேன்.

நான் வாங்கிய ஃபிளாட்டின் படுக்கையறைக் கூரையில், மேல்வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கறை. கொத்தனார் கம்பால் தட்டிப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் டக் டக் என்றது, அங்கே மட்டும் தொம் தொம். "உள்ள கம்பி துரு ஏறி ஊதியிருக்கு சார். உடைச்சு, கம்பியச் சுரண்டி, திரும்பப் பூசணும். மேல ஒழுகுறத நிறுத்தாம எது பண்ணாலும் வீண்" என்றார். மேல்வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டும், ஒரு மாத வாடகையும் போகும். பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். வந்த அட்வான்ஸ் அதற்கும் பாக்கி இ.எம்.ஐ.க்கும் போனது.

ஐப்பசி மழையில் தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. பகல் நேரம், குடியிருந்தவர்களின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிள்ளையின் அம்மா என்னைத் திட்டவில்லை. பெயர்ந்த காரையைச் சாக்கில் அள்ளி வைத்திருந்தார். "அட்வான்ஸக் கொடுத்துடுங்க சார், போயிடறோம்" என்றார், அவ்வளவுதான். கொடுக்க என்னிடம் இல்லை. வீட்டில் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன், அதுவும் இரண்டு மாதம் இழுத்தடித்து.

2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. கட்டட ரிப்பேர், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் பொறுப்பு. நாம் என்னவோ தலைகீழாகப் பேசிப் பழகிவிட்டோம்.

கறையை மூடியது ஏன் தப்பு என்று பாருங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணாயின. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பார்த்த மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதுதான் காரணம். அந்த விரிசலை யாராவது பட்டி வைத்து மூடியிருந்தால்? நாம் பெயின்ட் அடிப்பது அந்த எச்சரிக்கையின் மேல்தான்.

வில்லங்கம், தாய்ப் பத்திரம், பிரிபடாத மனைப் பங்கு எல்லாவற்றையும் பாருங்கள். அதைச் சொல்ல வக்கீல் இருக்கிறார். கூரையைத் தட்டிப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் கொத்தனாரோடு போங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். ரிப்பேர் செலவையும் ஆறு மாத இ.எம்.ஐ.யையும் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இந்த வருடம் வாங்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கினால் அதற்கென்று தனிக் கணக்கு திறந்து போட்டு வையுங்கள், அவசரத்துக்குக்கூடத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருப்பவரா? இன்று ராத்திரியே போன் செய்யுங்கள். வாடகையைப் பற்றிப் பேச வேண்டாம். "கூரையில எங்கேயாவது ஓதம் தெரியுதாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால், அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் கட்டிலை உடனே நகர்த்திப் போடச் சொல்லுங்கள். விடிந்ததும் கொத்தனாரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.