பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே

சென்னை கிறித்துவக் கல்லூரி 1837இல் ஒரு சிறிய பள்ளியாகத் தொடங்கி, 1937இல் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபோனது. மலேசியாவின் மேருவிலிருந்து அங்கே தாவரவியல் படிக்கப் போனவள் நான். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த கண்ணுக்கு அந்தக் காடு பழக வெகுநாள் ஆயிற்று. நிரை இல்லை. பக்கத்துப் பக்கத்து மரங்கள் வேறு வேறாக நின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

*

எனக்கு வெகு காலம் முன்பு அங்கே வேதியியல் கற்பித்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். தென்னிந்திய மலைகளில் காசித்தும்பை இனங்களைத் தேடிப்போய் விவரித்தவரும் அவரே. அரிசிமா பார்னெசியை என்ற செடி அவர் பெயரைத் தாங்குகிறது. தம் பாடமே அல்லாத ஒன்றின்மேல் ஒருவர் இத்தனை கவனம் வைக்க முடியுமா என்று வியந்திருக்கிறேன். வளாகத்துச் சிற்றாலயத்தில் நடந்த வழிபாட்டுக்கும் இந்தக் கவனத்துக்கும் உறவு உண்டு என்றே இன்றும் நம்புகிறேன். நான் சைவக் குடும்பம். அங்கே யாரும் என்னை உள்ளே இழுத்ததில்லை, வெளியே நிறுத்தியதும் இல்லை.

*

பால்குழாய்கள் பற்றிய பாடம். நுண்ணோக்கிக்கு எருக்கும் கள்ளியும் வந்தன. புத்தகத்தின் படத்தில் இருந்தது ரப்பர் மரம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம். அதை ஒட்டிய மென்பட்டையில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். கேம்பியத்தில் பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும்.

அம்மா இதை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் செய்தாள்.

குழாய்கள் தண்டில் நேராக ஏறுவதில்லை. வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது: அப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். விடியலுக்கு முன் இலைகள் நீரை இழக்கத் தொடங்கியிரா. குழாய்களுக்குள் விறைப்பழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். வெயில் ஏற ஏற அது தளரும், பாலும் குறையும்.

அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அம்மா நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடியதைத் தோட்ட நிர்வாகத்தின் கண்டிப்பு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். கண்டிப்பும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தைக் குறித்தது மரத்தின் உடல். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் மேருவுக்கு அதிக தூரமில்லாத சுங்கை பூலோவில்தான் இருந்தது. காரணம் அவ்வளவு அருகில் இருந்தும் வெட்டுக்காரர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

*

விடுமுறையில் அம்மாவிடம் படம் வரைந்து காட்டினேன். கேம்பியம் கண்ணுக்குத் தெரியாதே, எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“கத்தி சொல்லும்மா. பட்டை வழவழன்னு போகும், மரம் கிட்ட வந்தா கை கனக்கும்.”

பிறகு, புத்தகத்தில் நான் பார்க்காத ஒன்றையும் சொன்னாள்: மழைக்குப் பின் பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காது, மரம் முழுக்க வழிந்து வீணாகும், காயும்வரை காத்திருக்க வேண்டும். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பாடக் குறிப்புகளுக்கு நடுவே, அதே மையில்.

*

இப்போது எங்கள் பக்கம் செம்பனையும் தொழிற்சாலைகளும்தான். ரப்பர் மரம் எங்கோ வேலியோரம் ஒன்றிரண்டு. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய பாட்டிமார் பால் வெட்டியவர்கள். அம்மாவின் பால் கத்தி என்னிடம் இருக்கிறது. அடுத்த தவணையில், முனையைத் துணியால் சுற்றி, தாவரப் பாடத்துக்கு அதை இங்குள்ள தமிழ்ப்பள்ளி வகுப்புக்குக் கொண்டுவரப் பள்ளியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அம்மாவையும் அழைத்து வரலாமா என்று சேர்த்தே கேட்டேன்.