கடைமடைத் தண்ணீர்

அம்மாவுக்கு 84 வயது. கீரை ஆய்வதையும் கதை சொல்வதையும் ஒன்றாகத்தான் செய்வாள். போன மாதம் ஒருநாள் மாலை, முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு, "நம்ம பழைய வீட்டுக்கு எதிர்ல இருந்தாளே, வலது கையில ஆறு விரலோட... அவ பேரு..." என்று நிறுத்தினாள். என் மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே மூன்று பெயர்களை அடுக்கினாள். என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். நாலுக்கும் அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு, "சரி விடு, யாரா இருந்தா என்ன" என்று கதையையே மடக்கி வைத்துவிட்டாள்.

அந்த 'விடு' என்னை உறுத்தியது. 61 வயதில் நானும் அதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துப் பெயர் சொல்லி விசாரித்தார். பதினோரு வருடம் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். அவர் பெயர் எனக்கு வரவில்லை. பந்தி முடியும்வரை 'சார், சார்' என்றே ஒப்பேற்றினேன். நாலு மணி நேரம் கழித்து, ஊர் திரும்பும் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தபோது பெயர் தானாக வந்து நின்றது. கூடவே அவருடைய பச்சை நிற டிபன் பாக்ஸும் வந்தது. தொலைந்த பொருள் இப்படித் திரும்பி வராது. அது எங்கும் போகவில்லை, வந்து சேர நேரமானது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம், காவிரியின் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தாலும் எங்கள் வாய்க்கால் பல நாள் காய்ந்தே கிடக்கும். தலைமடைக்காரர்கள் நாற்று விட்டுவிடுவார்கள். அப்பா மட்டும் தினம் ஒருமுறை வாய்க்கால் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். 'வரும்' என்பார். மூளையின் ரத்த ஓட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாய்க்கால்தான் கண்ணில் வருகிறது.

உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு இரண்டுதான். உடல் செலவழிக்கும் ஆக்சிஜனிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் வேண்டும். சேர்த்து வைத்துக்கொள்ள அதற்குக் குதிர் கிடையாது. பத்து வினாடி ஓட்டம் நின்றால் நினைவு தப்பிவிடும். அன்றாடம் வரும் தண்ணீரை நம்பிய விவசாயம்தான் அங்கேயும்.

அந்தத் தண்ணீர் எல்லா வயலுக்கும் எப்போதும் ஒரே அளவில் பாய்வதில்லை என்பதுதான் சுவாரசியம். இத்தாலியில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியலாளர் பெர்ட்டினோ என்ற விவசாயியைக் கவனித்தார். காயத்தால் அவர் மண்டையோட்டில் ஓரிடத்தில் எலும்பு இல்லை, மூளையின் துடிப்பு தோலுக்கு மேலேயே தெரிந்தது. நண்பகலில் தேவாலய மணி அடித்தது. மூளையின் துடிப்பு உயர்ந்தது, கையில் மாற்றம் இல்லை. மணியோசை கேட்டதும் பிரார்த்தனை நினைவுக்கு வந்ததா என்று மோஸ்ஸோ கேட்டார். அந்தக் கேள்விக்கும் துடிப்பு உயர்ந்தது. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் உயர்ந்தது. 1881-இல் இதையெல்லாம் அவர் புத்தகமாக வெளியிட்டார். 1890-இல் இங்கிலாந்தில் ராயும் ஷெரிங்டனும், எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதி தனக்கான ரத்தத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்று எழுதினார்கள். இன்றைய எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் நிற்பது இந்த அடிப்படையில்தான். மூளையின் ஒரு மூலை விழித்துக்கொண்டதும் ரத்தம் அங்கே திரும்புகிறது. அந்த ஓட்டம் உச்சத்தைத் தொட ஐந்தாறு வினாடி ஆகும். கேள்வி முதலில், தண்ணீர் பிறகு.

வயது ஏற ஏற இந்த ஓட்டம் மெல்லக் குறைகிறது. நோய் நொடி இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். குழாய்கள் விறைக்கின்றன. கேட்டதும் விரிந்து கொடுக்கும் குணமும் மங்குகிறது. புதிய நினைவுகளைப் பதித்துக் கொடுக்கிற, கடற்குதிரை வடிவிலான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் சற்றே சுருங்குகிறது. அதற்காக, பெயர் தாமதமாக வருவதற்கும் ரத்தம் குறைவதற்கும் ஒற்றை முடிச்சுப் போட்டுவிட முடியாது. நரம்பிழைகள், தூக்கம், காது, கவனம் என்று கைகள் பல. ஆனால் முதுமை எல்லாவற்றையும் ஒரே சீராக அரிப்பதில்லை. சொல்வளம் எழுபது வயதிலும் நிற்கிறது. பெயரைச் சொல்லத் திணறுகிறவர், அதையே யாராவது சொன்னால் சட்டென்று 'அவனேதான்' என்கிறார். பெரும்பாலும் தடுமாறுவது எடுக்கிற வேகம்தான், இருப்பு அல்ல.

வேறு வகை மறதியும் உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று, சாவி எதற்கென்றே தெரியாமல் போவது வேறொன்று. பழகிய தெருவில் வழி தவறுவதும் கேட்டதையே அரை மணிக்கொரு தரம் கேட்பதும் மருத்துவரிடம் போகவேண்டிய விஷயங்கள். திடீரென்று வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வாய்க்காலைத் தூர் வாருவது நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் நினைவும் சிந்தனையும் லேசாகச் சரிவது குறைவாக இருந்தது. முழு மறதிநோயும் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல அந்த எண்கள் போதவில்லை. 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 120 முதியவர்கள். ஓராண்டு விறுவிறுவென நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. ஆனால் நினைவுத் தேர்வில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே முன்னேறின. இதைப் படித்த பிறகும் நான் காலையில் நடக்கத்தான் செய்கிறேன். தூர் வாரிய வருடமெல்லாம் விளைந்ததில்லை, அதற்காக அப்பா மண்வெட்டியைப் போட்டுவிடவும் இல்லை.

மாத்திரை, நடை, உப்பு என்று அம்மா உடம்புக்கு வேண்டியதையெல்லாம் நாங்கள் கவனிக்கிறோம். அவளிடம் ஏதாவது கேட்கிறோமா? 'சாப்பிட்டியா', 'மாத்திரை போட்டியா' என்று கேட்கிறோம். ஆமாம், இல்லை என்பதைத் தாண்டிப் பதில் தேவைப்படாத கேள்விகள். நினைவைக் கிளறும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால், அவள் யோசிக்கும் முன்னே பதிலையும் நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உதவி என்றுதான் நினைக்கிறோம். அவள் வயலுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே மடையை அடைத்துவிடுகிறோம். மூளையைப் பற்றிச் சொன்னது ஆய்வு. இது என் அனுமானம்தான். ஆனாலும் யாரும் எதுவும் கேட்காத ஒரு மனம் தனக்குள் எதைத் தேடிப் போகும்?

போன வாரம் மறுபடி முருங்கைக்கீரை. மறுபடி அதே ஆறு விரல்காரி. "அவ பேரு..." என்று அம்மா நிறுத்தினாள். வாயைத் திறக்கப் போன மகளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அரை நிமிடம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நாக்கு நுனியில் நான்கு பெயர்கள் துடித்தன. அம்மா ஓர் ஈர்க்கை உருவினாள். இன்னொன்றை உருவினாள். பழுத்த இலையைப் பொறுக்கித் தனியாகப் போட்டாள். முகத்தில் அவசரம் எதுவும் இல்லை. நாலாவது ஈர்க்கு கையில் இருக்கும்போது நிமிர்ந்து பெயரைச் சொன்னாள். நாங்கள் ஊகித்த எதுவும் இல்லை அது.

"நீ எட்டாவது படிக்கறப்ப பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வழியில்ல. அவதான் கைவளையலைக் கழட்டிக் கொடுத்தா. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

இது எனக்கும் தெரியாது. 48 வருடமாக அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

மகள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு கொத்துக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்புறம், வளையலைத் திருப்பிக் கொடுத்தியா அப்பாயி?" என்று கேட்டாள்.