பசிக்காதவர் சாப்பாடு

1881 ஜனவரி 29ஆம் தேதி, வியன்னாவில் டாக்டர் பில்ரோத் ஓர் அம்மாளின் இரைப்பையில் புற்றுநோய் கண்ட பகுதியை வெட்டி எடுத்தார். மறுபடி உணவு வயிற்றில் தங்கியது. ஆனால் நோய் திரும்பி, நாலே மாதத்தில் அவள் இறந்துபோனாள்.

நாலு மாதச் சாப்பாட்டுக்கா இத்தனை வேதனை என்று நண்பரிடம் கேட்டுவிட்டேன். அவருக்கும் அதே ஆபரேஷன் ஆகி மூன்று வாரந்தான். கேட்டிருக்கக் கூடாது.

"அவளுக்குச் சோறு போட்டவர்களைக் கேட்க வேண்டும், ஸார்" என்றார்.

இரைப்பை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைகிறது. பசிக்கட்டும் என்று காத்திருந்தால் உடம்பு தேறாது. மனைவி அடிக்கடி கொண்டுவரும் அரைக் கிண்ணம் கஞ்சியை, பசிப்பதாகச் சொல்லியே விழுங்கி வந்தார். பொய்தான். அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நேற்று நிஜமாகவே நார்த்தங்காய் கேட்டேன். அவள் உள்ளே போய் அழுதாள், ஸார்."