துருவின்மேல் வெல்டிங்



1996-ம் வருஷம் இங்கிலாந்தில் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புஸ்தகம் எழுதினார். 250 பவுண்டு செலவில் வீட்டிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொள்வது எப்படி என்பதுதான் விஷயம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னக் காரின் சாயலில் இருக்கும். இன்ஜினைப் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ் இருக்கிறதே, அதை நாமேதான் செய்யவேண்டும். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை அறுத்து, தட்டையான பலகையில் போட்ட கோட்டின்படி வைத்து, துண்டு துண்டாய்ப் பத்தவைக்கவேண்டும். குழாயின் கனம் எவ்வளவு தெரியுமா? 1.6 மில்லிமீட்டர்தான்! அதை நம்பித்தான் மனுஷன் உட்கார்ந்து போகப்போகிறான்.

வேலை தெரிந்தவன் எடுத்தவுடனே முழு வெல்டிங் போடமாட்டான். ஏன்? உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுசாய் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசியில் சட்டமே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லா மூட்டிலும் முதலில் சின்னச் சின்ன 'டேக்' மட்டும் வைப்பான். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து அளப்பான. இரண்டு அளவும் ஒத்துவரலையா? டேக்கை அறுத்துச் சரிபண்ண இன்னும் வழியுண்டு. அப்புறம்தான் இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடிப்பான்.

இதற்கெல்லாம் முன்னே, துருவும் எண்ணெயும் பழைய பெயிண்டும் போகிறவரை தேய்க்கவேண்டும். தேய்க்காவிட்டால் அவை எரிந்து புகையாகி, வெல்டிங்குக்குள்ளே ஓட்டை ஓட்டையாய் நிற்கும். சூடு பத்தாவிட்டாலோ இன்னும் மோசம். மேலே பார்த்தால் அழகான வரி. உள்ளே இரண்டு இரும்பும் ஒன்றாய் உருகவே இல்லை. சிலர் அதையும் கிரைண்டரில் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். இருந்த கொஞ்சம் பலமும் போச்சு! ஷெட்டில் நிற்கிறவரை ஒன்றும் தெரியாது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது தெரியும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் பிள்ளையாயிருக்கலாம்.

பிரியமானவர்களே, எபேசியர் 4-ம் அதிகாரத்தில் பவுல் சபையை மூட்டுகளால் இணைந்த சரீரமாய்ப் பார்க்கிறார். நம்முடைய மூட்டுகள் எப்படி இருக்கிறது? இரண்டு குடும்பம் வருஷக்கணக்காய்ப் பேசுவதில்லை. கன்வென்ஷன் வருகிறது. யாரோ நடுவில் நின்று கைகுலுக்க வைக்கிறார்கள். "ஸ்தோத்திரம் பிரதர்!" "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!" போட்டோகூட எடுத்தாச்சு. ஆனால் திருப்பித் தராத கடன், வரப்புத் தகராறு, கல்யாண வீட்டில் சொன்ன அந்த ஒரு வார்த்தை, இதில் ஒன்றையும் யாரும் தொடவில்லை. இதைப் பெரிய ஒப்புரவாக்குதல் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெயிண்டாகத்தான் தெரிகிறது. இன்னும் சில வீடுகளில் ஏழைப்பட்டவரையே, இளையவரையே மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். ஒரே பக்கம் சூடு வைத்தால் சட்டம் கோணாமல் என்ன செய்யும்?

மத்தேயு 5-ம் அதிகாரத்தில் ஆண்டவர், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் அப்படியே விட்டுவிட்டு முதலில் சகோதரனிடத்தில் போகச் சொன்னார். காணிக்கை காத்திருக்கும்.

அடுத்த கர்த்தருடைய பந்திக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாசிக்கும்போதே ஒரு பேர் ஞாபகத்துக்கு வந்துவிட்டதல்லவா? சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். கடன் இருந்தால் பணத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.