தூண் ஓரத்துச் செருப்பு

ஒரு ஜோடி செருப்பு. பழுப்புத் தோல், வலது குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. படத்தில் விழக்கூடாதென்று என் ஷூ நுனியால் அதைத் தள்ளித் தூண் மறைவில் விட்டேன். நடந்தது அவ்வளவுதான். மூன்று வாரமாக அதுவே கண்ணுக்குள் கிடக்கிறது.

பிலடெல்பியா கலை அருங்காட்சியகம், அக்டோபர் பிற்பகல். நண்பர்கள் நான்கு பேர் கேமரா பழகப் போயிருந்தோம். வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அந்த வெயிலில் யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். கஷ்டமெல்லாம் உள்ளே, மதுரைக் கல் மண்டபத்தில். ஃப்ளாஷ் கூடாது, ட்ரைபாட் கூடாது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கவேண்டும்.

மதனகோபால சுவாமி கோயில் தூண்கள் அவை. 1912 வாக்கில் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண், கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட சிற்பக் கற்களை விலைக்கு வாங்கினார். முதல் உலகப்போரில் பிரான்சுக்கு ராணுவ மருத்துவமனைப் பணிக்குப் போனவர், 1919-ல் அங்கேயே இறந்தார். அவர் நினைவாகக் குடும்பத்தார் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

அங்கே பூஜை இல்லை, மணி இல்லை. எல்லோரும் ஷூவோடுதான் நடக்கிறார்கள். நானும்தான். யாரோ ஒருவர் மட்டும் கழற்றியிருக்கிறார். கும்பிடவா, கால் வலித்தா?

சின்ன வயதில் மேலமாசி வீதியில் அந்தக் கோயிலுக்கே அப்பத்தாவோடு போயிருக்கிறேன். வெளியே வந்து என் செருப்பைத் தேடும் அவசரத்தில் மற்றதையெல்லாம் காலால் விலக்கினேன். அப்பத்தா கையைப் பிடித்து நிறுத்தியது. “அடுத்தவுக செருப்ப எத்தாதடா. உள்ள போனவுக திரும்பி வரணும்ல.” பிறகு குனிந்து, நான் கலைத்ததையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்தது. உள்ளே சாமியைக் கும்பிட்டது நினைவில்லை. அந்தக் குனிந்த முதுகு நினைவிருக்கிறது.

எப்போதோ படித்த ஒன்றும் கூடவே வருகிறது. 1838-ல் புகைப்பட முன்னோடி டாகேர் பாரீஸ் வீதியொன்றைப் படம் பிடித்தார். தகட்டில் பதியப் பல நிமிடம் ஆனதால் போய்வந்த வண்டிகளும் ஆட்களும் மறைந்துபோக, பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்றவர் போலத் தெரியும் ஒருவர் மட்டும் தெளிவாக மிஞ்சினார். நிற்காதவர்கள் அதில் விழவில்லை. என் மண்டபத்திலோ அசையாமல் கிடந்ததைத்தான் நான் அகற்றினேன்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதானே படமெடுக்கும் வேலை? அதைத் தப்பென்றால் கேமராவைத் தொடவே முடியாது. இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விட்டுவிடுவது வேறு, தள்ளிவிடுவது வேறு என்றும் படுகிறது. ஓரடி நகர்ந்து நின்றிருந்தால் செருப்பு தானாகவே விலகியிருக்கும். எனக்கு அந்த ஓரடி தோன்றவில்லை.

நண்பர்கள் பாராட்டிய படத்தில் தூண்கள் துல்லியமாக இருக்கின்றன. அதற்கு முன் வெளிச்சம் பார்க்க எடுத்த ஒன்று கலங்கலாக, கீழ் மூலையில் செருப்போடு இருக்கிறது. அதைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

படம் எடுத்து முடித்ததும் அந்தச் செருப்பை இருந்த இடத்திலேயே எடுத்து வைத்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.