ஐந்து மடங்கு அனுமதி: ஓர் அறவியல் நோக்கு

ஊதியம் பெறுபவன் அவ்வூதியத்தோடு ஆபத்தையும் ஏற்றுக்கொண்டவன் ஆவானா என்ற வினா மெய்யியலுக்குப் புதியதன்று. சுரங்கமும் கடலும் அதனை நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. இன்று அது கைத்தொலைபேசிக் கோபுரங்களின் உச்சியிலிருந்தும் எழுகின்றது.

கோபுரத்து அன்ரெனாக்கள் உமிழும் வானொலி அலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களை அயனாக்குவன அல்ல. அவற்றின் நிறுவப்பட்ட விளைவு உடலிழையங்களைச் சூடாக்குதலே. கண்ணுக்குப் புலப்படாத இவ்வலைகள் தூரத்தோடு விரைவாக வலுக்குன்றுவன. ஆதலின் கோபுரத்தின் அயலில் வாழ்வோரைச் சேரும் அளவு பொதுவாக வரம்புக்கு மிகக் கீழேயே உள்ளது. பழுதுபார்க்க ஏறுபவனோ அன்ரெனாவின் முகத்தெதிரே சில அடி தூரத்தில் நிற்க நேர்கின்றது. அச்சம் கீழே நிற்போரிடமும் ஆபத்து மேலே நிற்பவனிடமும் இருப்பதே இதிலுள்ள முரண்.

அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998 இலும் 2020 இலும் வெளியிட்ட வழிகாட்டிகள் இரு வரம்புகளை வகுக்கின்றன. முழு உடலும் சராசரியாக உறிஞ்சத்தக்க வலு, நிறையின் ஒரு கிலோகிராமுக்கு, பொதுமக்களுக்கு 0.08 உவாற்று, தொழிலாளர்க்கு 0.4 உவாற்று. அஃதாவது ஐந்து மடங்கு. 4 உவாற்று அளவையே தீங்கின் தொடக்கமாகக் கொண்டு இவை வகுக்கப்பட்டமையால், தொழிலாளியின் வரம்பும் அதிற் பத்திலொரு பங்கே. எனவே அவ்வரம்பு ஆபத்தானது என்பது நம் வாதமன்று. ஒரே தசையும் குருதியும் உடைய இருவர்க்கு இரு அளவுகோல்கள் எவ்வாறு நீதியாகும் என்பதே நம் வினா.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1996 இல் ஏற்ற விதிகள் இதற்கு விடை தருகின்றன. தன்னைச் சேரும் அலைகளைப் பற்றி முழுதும் அறிந்தவனாகவும், அதனைக் கட்டுப்படுத்த வல்லவனாகவும் உள்ள தொழிலாளிக்கே உயர்ந்த வரம்பு பொருந்தும். அறிவும் கட்டுப்பாடுமே அவ்வேறுபாட்டின் நியாயம். எனின், இவ்விரண்டும் இல்லாதவன் கோபுரத்தில் ஏறி நின்றாலும் பொதுமகனே ஆவான்.

நடைமுறையை நோக்குவோம். ஒரே கோபுரத்திற் பல கம்பனிகளின் அன்ரெனாக்கள் உள்ளன. ஒரு கம்பனியின் உப ஒப்பந்தகாரர் அனுப்பிய தொழிலாளி, மற்றொரு கம்பனியின் அன்ரெனா முன் நிற்கின்றான். அதனை நிறுத்தும் அதிகாரம் அவனுக்கில்லை. மாடிக் கூரையில் வர்ணம் பூசுபவனுக்கோ அங்கு அலைகள் உண்டென்ற அறிவே இல்லை. மார்பில் அணிந்த அளவுகருவி ஒலி எழுப்பலாம். ஆயின், வேலையை நிறுத்தினாற் கூலி இழப்பான் எனில் அவ்வொலி எச்சரிக்கையேயன்றிக் கட்டுப்பாடு ஆகாது.

அன்ரெனாவை நிறுத்தினால் ஆயிரக்கணக்கானோரின் தொடர்பு அறுபடும், அவசர அழைப்பும் தடைப்படலாம், பெரும்பான்மையோர் நலனே பெரிது எனப் பயன்வழிவாதி கூறுவான். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. ஆயினும் வேலை நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அழைப்புகள் குறைந்த வேளையில் வலுவைக் குறைக்கலாம். அயற்கோபுரங்கள் ஓரளவு ஈடுசெய்யும். பலருக்குச் சிறிது நேர அசௌகரியமும் ஒருவனது உடலும் ஒரே தராசில் வைக்கத்தக்கன அல்ல. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் நெறி இங்கே நேரே பொருந்துகின்றது.

இத்தொழிலின் பெருங்கொலையாளி அலையன்று, வீழ்ச்சியே என்பதும் உண்மை. 2013 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொடர்பாடற் கோபுர வேலைகளில் 13 பேர் இறந்தனர். ஆனால் இது நம் வாதத்தை வலுப்படுத்துகின்றது. அவசரப்படுத்தப்படுபவனும் மறுக்க இயலாதவனும் இரு ஆபத்துகளுக்கும் ஒருங்கே ஆளாகின்றான்.

ஆகவே சம்மதம் என்பது வேலையேற்கும் நாளில் இடும் கையொப்பம் மட்டுமன்று. வேலையின் ஒவ்வொரு கணத்திலும் 'நிறுத்து' எனச் சொல்லும் உரிமையுமாகும். அவ்வுரிமையை வழங்காது ஐந்து மடங்கு வரம்பை மட்டும் வழங்குவது, நியாயத்தை நீக்கி அனுமதியை மட்டும் வைத்துக்கொள்வதாகும். நமது உரையாடல் ஒரு கணமும் அறுபடலாகாதெனக் கோரும் நாமும் இதிற் பங்காளிகளே. ஓரிரு மணிநேர மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது, நாம் முகமறியாத ஒருவனுக்குச் செலுத்தும் கடனாகும்.